அம்மாவைத் தூக்க ரோபோ வருமா?

முதியோர் பராமரிப்புக் கருவிகள்: வாசகர் கேள்வி – பதில்

பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் வளவில். இடையில் பார்சல். முன்பு அதில் சொக்லேற்றும் சட்டையும் வந்தன. இப்போது விழுந்தால் கத்துகிற பதக்கம், தடவினால் முனகுகிற பூனை, நேரத்துக்குக் குளிசை தள்ளுகிற பெட்டி என்று வருகின்றன. ‘ரோபோ’ என்ற பெயரில் வந்து சேரும் இவற்றைப் பற்றி வன்னிப் பக்கமிருந்து வந்த கடிதங்கள் சிலவற்றுக்கு இம்முறை பதில் எழுதுகிறோம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: அம்மாவுக்கு 78 வயது, எடை 64 கிலோ. பாரிசவாதம் வந்தபின் வலது கையும் காலும் வழங்காது. நானும் மனைவியும்தான் கட்டிலிலிருந்து தூக்கிக் கதிரையில் வைக்கிறோம். எனக்கு நாரி பிடித்துவிட்டது. கனடாவில் இருக்கும் தம்பி, ஜப்பானில் ஆளைத் தூக்குகிற கரடி ரோபோ இருக்கிறது, விலை விசாரிக்கிறேன் என்கிறான். அது எங்களுக்குச் சரிவருமா? (பரந்தன்)

பதில்: தம்பி பார்த்திருப்பது ‘ரோபெயார்’. ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் 2015 இல் காட்டிய கரடி முகக் கருவி, எடை 140 கிலோ. அதற்கு முன் 2009 இல் ‘ரீபா’ என்று ஒன்றைச் செய்தார்கள். இரண்டும் ஆராய்ச்சிக்கென்று செய்தவை, கடைக்கு வரவில்லை. ஆகவே விலை விசாரித்துப் பயனில்லை.

உங்கள் வீட்டுக்கு வேண்டியது ஹொயிஸ்ட், அதாவது ஆள் தூக்கி. கீழே சில்லுப் பூட்டிய இரண்டு நீளக் கால்கள் கட்டிலுக்கு அடியில் போகும். மேலே ஒரு கை, அதன் நுனியில் கொளுக்கிச் சட்டம், அதில் மாட்டுவதற்கு ‘சிலிங்’ என்கிற துணி. கைப்பம்பால் எண்ணெய் அழுத்தித் தூக்குவது ஒரு வகை, பற்றரியில் தூக்குவது இன்னொரு வகை. வீட்டில் எப்போதும் இரண்டு பேர் இருந்தால் கைப்பம்பு வகையையே சொல்வோம். கரண்ட் போனாலும் தூக்கும், பழுதும் குறைவு. ஒருவர் தனியே செய்ய வேண்டிய வீட்டுக்குப் பற்றரி வகை. அதில் பற்றரி இறந்தால் ஆளைக் கீழே இறக்க ஒரு கைப்பிடி இருக்கும். வாங்கிய அன்றே அதைத் தேடி ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். ஆள் அந்தரத்தில் தொங்கும்போது தேடக் கூடாது.

காசு கொடுக்க முன் அளவு நாடா எடுங்கள். கட்டிலுக்கு அடியில் தரையிலிருந்து குறைந்தது 15 சென்ரிமீற்றர் வெளி வேண்டும். பல ஹொயிஸ்ட்களின் கால் உயரம் சில்லோடு 11, 12 சென்ரிமீற்றர் வரும். பெட்டி வைத்த கட்டிலென்றால் கால் உள்ளே போகாது. கட்டிலின் நாலு காலுக்கும் மரக்குற்றி வைத்து உயர்த்தலாம். ஆனால் குற்றியின் நடுவில் 3 சென்ரிமீற்றர் ஆழத்துக்குக் குழி குடைந்து, கட்டில் கால் அதற்குள் இறங்கி நிற்க வேண்டும். வெறும் கல்லை அடுக்கிவிட்டால் தூக்கும் இழுவைக்குக் கட்டில் சரியும். கட்டிலின் ஒரு பக்கத்தில் ஒன்றரை மீற்றர் தரை வெறுமையாக இருக்க வேண்டும். ஹொயிஸ்டைத் திருப்புவது அங்கேதான்.

பலர் விடுகிற பிழை, ஹொயிஸ்டில் தொங்க வைத்தபடியே ஆளை அறைக்கு வெளியே தள்ளிக்கொண்டு போவது. எங்கள் வீடுகளின் நிலைப்படி இரண்டு அங்குலம் இருந்தாலே முன்சில்லு அதில் இடித்து நிற்கும். மேலே ஆள் முன்னே ஆடுவார், கருவி கவிழும். ஹொயிஸ்ட் கட்டிலுக்கும் கதிரைக்கும் இடையில் மட்டும். மற்றதெல்லாம் சில்லுக்கதிரை. முற்றத்து மணலில் இரண்டுமே புதையும் என்பதால் வாசலிலிருந்து கழிவறை வரை நாலடி அகலத்துக்குச் சீமெந்துப் பாதை போட்டுவிடுங்கள். அந்தச் செலவு ஹொயிஸ்டைவிடக் குறைவு, பயன் கூட.

சிலிங் போடும் முறை: அம்மாவை முதலில் இடப்பக்கம், அதாவது நல்ல பக்கம், சரியுங்கள். சிலிங்கை நீளப்பாட்டில் பாதியாக மடித்து முதுகோடு ஒட்டி வையுங்கள். அதன் கீழ் விளிம்பு வால் எலும்பு மட்டத்தில் நிற்க வேண்டும். பிறகு வலப்பக்கம் சரிக்கும்போது வழங்காத கையை முன்னால் எடுத்து வைத்துவிட்டுச் சரியுங்கள். உடம்புக்கு அடியில் அந்தத் தோள் நசியக் கூடாது. மடிப்பை இழுத்து விரியுங்கள். கால் பட்டி ஒவ்வொன்றையும் தொடைக்குக் கீழால் எடுத்து, ஒன்றை மற்றதற்குள்ளால் விட்டுக் குறுக்கே மாட்டுங்கள். குறுக்கே மாட்டாவிட்டால் கால் அகன்று ஆள் நழுவுவார். தோள் பக்கம் கட்டை வளையம், கால் பக்கம் நீள வளையம் என்றால் இருந்தபடி வருவார். மாறிக் கொளுவினால் கால் மேலே, தலை கீழே. வலது இடது வளையங்கள் ஒரே நிறமாக இருக்க வேண்டும்.

ஐந்து சென்ரிமீற்றர் தூக்கியதும் நிறுத்துங்கள். நாலு கொளுக்கியையும் கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு தூக்குங்கள். வழங்காத கை வயிற்றின் மேல், சிலிங்குக்கு உள்ளே கிடக்க வேண்டும். வெளியே தொங்கினால் தோள் மூட்டு மெல்ல மெல்லக் கழன்றுவிடும். தூக்கும்போது ஹொயிஸ்டின் சில்லுப் பூட்டைப் போடாதீர்கள். பாரம் ஏற ஏற அது தானாகச் சிறிது நகர்ந்து நேராகும். பூட்டியிருந்தால் ஆள் பக்கவாட்டில் ஆடுவார். சில்லுக்கதிரையின் பிறேக் மட்டும் கட்டாயம் போட்டிருக்க வேண்டும். இறக்கி முடிந்ததும் கொளுக்கிச் சட்டம் இலேசாகி ஆடும், உயரம் சரியாக அம்மாவின் நெற்றி. ஒரு கையால் அதைப் பிடித்தபடியே வளையங்களைக் கழற்றுங்கள்.

ஹொயிஸ்ட் வந்து சேரும்வரை ஒரு மாற்று: குடைத்துணி போன்ற வழுக்கும் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து உடம்புக்கு அடியில் விட்டால், கட்டிலில் மேலே இழுப்பதும் புரட்டுவதும் பாதிப் பலத்தோடு நடக்கும். தூக்குவதற்கு அது உதவாது. வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள். விட்டால் ஆள் கட்டிலால் வழுக்கி இறங்குவார். கக்கத்துக்குள் கை கொடுத்துத் தூக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் நாரியும் அம்மாவின் தோளும் இரண்டும் அதில்தான் போகின்றன.

கேள்வி: மகள் ரொறன்ரோவிலிருந்து படுக்கைப்புண் வராமல் தடுக்கும் காற்று மெத்தை அனுப்பியிருக்கிறா. பம்பில் 120 வோல்ற், 60 ஹேட்ஸ் என்று இருக்கிறது. ட்ரான்ஸ்போமர் போட்டால் சரி என்கிறார் வயரிங் செய்கிறவர். (மாங்குளம்)

பதில்: பாதி சரி. ட்ரான்ஸ்போமர் 230 வோல்ற்றை 120 ஆக இறக்கும். நமது 50 ஹேட்ஸை 60 ஆக்காது. இந்த மெத்தையில் ஒன்றுவிட்டு ஒன்றாக அறைகள் ஊதி வற்றும். பல பம்புகளில் காற்றைத் தள்ளுவதும் நேரத்தை மாற்றுவதும் மின்னோட்டத்தின் அந்தத் துடிப்பை நம்பியே ஓடுகின்றன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மாற வேண்டியது 12 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். அதைப் பொறுக்கலாம். காற்று அழுத்தம் குறைவதும் பம்பு சூடாவதும்தான் சிக்கல். மெத்தையை வைத்துக்கொண்டு 230 வோல்ற் பம்பு மட்டும் தனியே வாங்குவது நல்லது. வாங்கப் போகும்போது குழாய் நுனியைக் கையோடு கொண்டுபோங்கள், விட்டம் பொருந்த வேண்டும். பயணிகளுக்கென்று விற்கும் சின்ன ‘கொன்வேட்டர்’ வேண்டவே வேண்டாம். இராப்பகலாக ஓடுவதற்கு அவை செய்யப்படவில்லை.

ஊதி முடிந்ததும் ஒரு சோதனை. ஆள் படுத்திருக்க, இடுப்புக்குக் கீழே மெத்தைக்கு அடியால் உள்ளங்கையை மேல்நோக்கி விடுங்கள். எலும்பு கையில் முட்டினால் காற்றுப் போதாது. ஓரங்குலக் காற்றாவது இடையில் இருக்க வேண்டும். மேலே ஒரு விரிப்புப் போதும். றப்பர் சீற், பழஞ்சேலை, துவாய் என்று அடுக்கினால் மெத்தையின் வேலை உடம்புக்குப் போகாது. மெத்தை இருக்கிறது என்று புரட்டாமல் விடவும் கூடாது. இரண்டு மணிக்கொருமுறை என்பது பழைய கணக்கு. மெத்தையோடு சிறிது தள்ளலாமா என்பதைத் தோலைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளிறாமல் சிவப்பாகவே நின்றால் அந்த இடம் ஏற்கெனவே அடிவாங்கிவிட்டது. கறுத்த தோலில் சிவப்புத் தெரியாது. சூட்டையும் கடினத்தையும் தொட்டுப் பாருங்கள்.

கரண்ட் நின்றால் மெத்தை மெல்ல வற்றும். குழாயைப் பம்பிலிருந்து கழற்றி, கூட வந்த மூடியால் அடைத்தால் சில மணி நேரம் தாங்கும். அந்த மூடியை நூலில் கட்டிக் கட்டில் காலில் தொங்கவிடுங்கள்.

மின்னல் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சித்திரை வெயில் கழிந்த மாலைகளிலும் ஐப்பசி கார்த்திகையிலும் இடி முழங்கத் தொடங்கியதும் பிளக்கைக் கழற்றுவதைவிட நம்பகமான பாதுகாப்பு இல்லை. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மின்னல் தடுப்புப் பிளக் பலகைக்கு நல்ல ‘ஏர்த்’ வேண்டும். ஆவணியில் நிலம் காய்ந்து கிடக்கும்போது ஏர்த் கம்பி மண்ணைப் பிடிக்காது. அடியில் அடிக்கடி தண்ணீர் ஊற்றுங்கள். இன்னொன்று, எறும்பு. பம்பின் சூட்டுக்கு அது உள்ளே குடியேறும். தரையில் வைக்காமல் கட்டில் கால்மாட்டில் கொளுவிவிடுங்கள்.

கேள்வி: தனியே இருக்கும் அப்பாவுக்கு, விழுந்தால் தானே அழைப்பு எடுக்கும் பதக்கம் ஒன்றை அண்ணா அனுப்பினார். இங்கே வேலை செய்யவில்லை. (ஒட்டுசுட்டான்)

பதில்: மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அது ஒரு கனடா நிறுவனத்தின் சிம்முக்குப் பூட்டப்பட்டிருக்கும். இரண்டு, அலைவரிசை. இங்கே 4ஜி பெரும்பாலும் 1800 மெகாஹேட்ஸில் ஓடுகிறது. வட அமெரிக்காவுக்கென்று செய்த கருவி பலவற்றில் அது இல்லை. மூன்று, மாதக் கட்டணத்தோடு அங்கேயுள்ள அழைப்பு நிலையத்தை நம்பி ஓடுவது; இங்கே அந்த நிலையம் இல்லை. அடுத்த முறை வாங்கினால் எந்த சிம்மும் போடலாம், 1800 உண்டு, நாமே ஐந்து எண்களைப் பதியலாம் என்ற மூன்றையும் பெட்டியில் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். சிம் போடும் கருவிகளை இறக்குவதற்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகள் இருக்கின்றன. பார்சலில் போட முன் அதையும் விசாரியுங்கள்.

கருவி எப்படி அறிகிறது என்று தெரிந்தால்தான் எங்கே ஏமாறும் என்று தெரியும். உள்ளே வேக மாற்றத்தை அளக்கும் ஒரு மின்னணுச் சிப் உண்டு. திடீரென்று கீழே போவது, மோதுவது, பிறகு அசைவில்லாமல் கிடப்பது என்ற மூன்றும் வரிசையாக வந்தால் விழுந்ததாகக் கணக்கெடுக்கும். அப்பா பாயில் பொத்தென்று இருந்து சரிந்து படுத்தாலும் அதே வரிசைதான், வீண் அழைப்பு வரும். சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சரிந்து விழுந்தால் கருவிக்கு ஒன்றும் தெரியாது. வயதானவர்கள் அப்படி விழுவதும் உண்டு. ஆகவே கையால் அழுத்தும் பொத்தான்தான் முதன்மை, தானே அறிவது உபரி. தரையில் கிடந்தபடி அதை அழுத்தப் பழக்குங்கள். அழுத்துவதற்குப் பெருவிரலின் பலம் போதுமா என்றும் பாருங்கள்.

கழுத்தில் கிடப்பது மணிக்கட்டில் கட்டுவதைவிடச் சரியாக அறியும். கைக்கடிகாரம் விறகு கொத்தினாலும் ஏமாறும். ஆப்பிள் கடிகாரத்தில் 2018 இல் இந்த வசதி வந்தது. 55 வயதுக்கு மேல் என்று பதிந்தால் அது தானாகவே இயங்கும். ஆனால் நாளாந்தம் சார்ஜ் போட வேண்டும். நாளாந்தம் சார்ஜ் போட நினைவுள்ளவருக்கு அதன் தேவை குறைவு, நினைவில்லாதவருக்கு அதனால் பயன் குறைவு.

எண்களின் வரிசை முக்கியம். முதல் எண் பக்கத்து வளவுக்காரர். இரண்டாவது, சைக்கிளில் பத்து நிமிடத்தில் வரக்கூடிய உறவினர். அண்ணாவின் எண் கடைசி. அவர் அங்கே நித்திரையில் இருப்பார். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் 2018 இல் வடக்குக்கு வந்தது, இலவசம். அந்த எண்ணைக் கருவியில் பதியாமல் பக்கத்து வளவுக்காரரிடம் கொடுத்து வையுங்கள். கருவி அழைத்தால் வழி சொல்ல அதற்கு வாய் இல்லை. அவர் ஒழுங்கை, கோயில், மதகு என்று அடையாளம் சொல்வார். ஞாயிறு தோறும் ஒரு சோதனை அழைப்பு எடுங்கள். முற்பணம் தீர்ந்த சிம்தான் இந்தக் கருவிகளில் நாங்கள் அதிகம் கேள்விப்படும் பழுது.

சுவரில் பூட்டும் றேடார் வகையும் வருகிறது. படம் எடுக்காது என்பதால் குளியலறைக்கும் வைக்கலாம். சுழலும் ஃபானையும் காற்றில் ஆடும் நுளம்பு வலையையும் அது ஆளென்று எண்ணும். ஃபான் அதன் பார்வைக்குள் வராத மூலையில் பூட்டுங்கள்.

கேள்வி: சாப்பாடு ஊட்டும் ரோபோ, வீடு கூட்டும் ரோபோ இரண்டும் உதவுமா? (கிளிநொச்சி)

பதில்: ஊட்டும் கருவிகளில் ‘ஒபி’ தெரிந்த பெயர். நாலு கிண்ணத்திலிருந்து கரண்டியால் அள்ளி வாய்க்கு முன் கொண்டுவரும். கை வழங்காத, ஆனால் நிமிர்ந்து இருக்கவும் ஒழுங்காக விழுங்கவும் முடிந்தவருக்கானது. புரைக்கேறுகிறவருக்கு ஆபத்து, அவர் முந்திய வாயை விழுங்கினாரா என்று அது பார்க்காது. பிட்டு கரண்டியில் நிற்காது, குழைத்த சோறு ஒட்டும். கை நடுக்கம் மட்டும்தான் என்றால் பிடியில் சைக்கிள் டியூப் சுற்றித் தடிப்பாக்கிய பாரமான கரண்டி போதும். வீடு கூட்டும் வட்டக் கருவி மணலில் சில நாளில் அடைத்துக்கொள்ளும். தடி ஊன்றி நடப்பவரின் காலுக்குள்ளும் போகும். வேண்டாம்.

கேள்வி: ஆச்சிக்கு மறதி நோய். பின்னேரமானால் பதற்றம். ரோபோப் பூனை ஒன்று வாங்கலாம் என்கிறாள் மருமகள். ஏமாற்றுவதுபோல் இருக்காதா? (வவுனியா)

பதில்: இந்த வகையில் ஆராய்ச்சி கூடுதலாக நடந்தது ‘பாரோ’ என்ற கடல்நாய்க் குட்டியில். ஜப்பானைச் சேர்ந்த தகனோரி ஷிபாத்தா உருவாக்கியது. 2009 இல் அமெரிக்காவில் மருத்துவக் கருவியாகவே அனுமதி பெற்றது. நாயோ பூனையோ செய்யாமல் கடல்நாயைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பூனையை எல்லாருக்கும் தெரியும், நிஜப் பூனைபோல் இல்லையே என்று மனம் குறை காணும். கடல்நாயோடு பழகியவர் யார்? அதற்கு மொழி வேண்டாம், இது எங்களுக்குப் பெரிய வசதி. பேசும் துணைக் கருவிகளில் ‘எல்லிக்யூ’ போன்றவை ஆங்கிலத்துக்குச் செய்தவை; ஆச்சி அதோடு என்ன பேசுவா? ஆனால் பாரோவின் விலை 6000 டொலர் மட்டில். வீட்டுக்கு அது பொருந்தாது, ஒரு முதியோர் இல்லம் கூட்டாக வாங்கலாம்.

மருமகள் சொல்வது பெரும்பாலும் ஹாஸ்ப்ரோ 2015 இல் கொண்டுவந்த வகையாக இருக்கும். விலை நூறு டொலருக்குச் சற்று மேல். தடவினால் முனகும், புரளும். இணையம் வேண்டாம், நாலு ‘சி’ அளவு பற்றரியில் ஓடும். அந்த அளவு இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்காது, முதலே வாங்கி வையுங்கள். மாதக்கணக்கில் சும்மா வைத்தால் பற்றரியைக் கழற்றுங்கள். கசிந்தால் தகடு அரிக்கும்.

ஏமாற்றாமல் கொடுக்கலாம். ‘இது ஒரு பொம்மை, பிடித்தால் வைத்திருங்கோ ஆச்சி’ என்று சொல்லி மேசையில் வைத்துவிட்டு விலகுங்கள். மடியில் திணிக்க வேண்டாம். பதற்றம் தொடங்குகிற நேரத்துக்கு அரை மணி முந்திக் கொடுப்பது பலன் தரும். பதற்றம் முற்றிய பிறகு கொடுத்தால் தூக்கி எறிவா. இருபது நிமிடம் போதும். அதற்கு உணவு ஊட்டப் பார்த்தாலோ, ‘குட்டிக்குக் குளிருது’ என்று இரவில் எழும்பினாலோ இரவில் எடுத்து வையுங்கள். உயிருள்ள பூனை நல்லதல்லவா என்றும் கேட்டிருந்தீர்கள். நல்லதுதான், காலுக்குள் ஓடாதவரை.

கேள்வி: அப்புவுக்கு 71 வயது. 2009 இல் இடது கால் முழங்காலுக்கு மேல் போனது. ஜெய்ப்பூர்க் கால் போடுகிறார். ‘கணினி முழங்கால்’ வாங்க மகன் பணம் சேர்க்கிறான். (விசுவமடு)

பதில்: கணினி முழங்கால் உண்மையிலேயே ஒரு ரோபோ உறுப்புத்தான். ஜேர்மனியின் ஒட்டோபொக் நிறுவனம் 1997 இல் ‘சி-லெக்’ என்ற பெயரில் கொண்டுவந்தது. கால் எந்தக் கோணத்தில் நிற்கிறது, எவ்வளவு பாரம் ஏறுகிறது என்று உணர்ந்து, உள்ளேயுள்ள எண்ணெய்த் தடையை மின்னணுச் சிப் கூட்டிக் குறைக்கும். தடுக்கினால் முழங்கால் மடிந்து விழாமல் இறுகும். இறக்கத்தில் மெல்ல மடியும். வயதானவருக்கு இதன் பெரிய பயன் விழுகை குறைவது.

அதற்காக உடனே வாங்கச் சொல்லமாட்டோம். முதலில் சொக்கெற், அதாவது எஞ்சிய கால் போய் இருக்கும் கிண்ணம். அது பொருந்தாவிட்டால் எவ்வளவு விலையான முழங்காலும் வீண். அப்புவின் கால் காலையில் பருத்தும் பின்னேரம் வற்றியும் இருக்கும். பின்னேரம் கிண்ணம் தளர்ந்தால் இன்னொரு காலுறை போட்டு ஈடுசெய்ய வேண்டும். எத்தனை உறை போடுகிறார் என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு போனால் கால் செய்கிறவருக்கு அதுவே பாதித் தகவல். எஞ்சிய காலை இரவில் கழுவச் சொல்லுங்கள். காலையில் கழுவி ஈரத்தோடு போட்டால் தோல் உரியும். சலரோகம் இருந்தால் ஒவ்வோர் இரவும் கண்ணாடி வைத்து அடிப்பக்கம் பார்க்க வேண்டும்.

அடுத்தது பாதம். 1968 இல் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் செய்த ஜெய்ப்பூர்ப் பாதம் றப்பர், வெறுங்காலோடு வயலிலும் வரம்பிலும் நடப்பதற்கென்றே செய்தது. மேல்நாட்டுப் பாதங்கள் பலவற்றில் சப்பாத்துக் குதியின் உயரத்தைக் கணக்கிட்டுத்தான் முழுக்காலையும் நேராக்குவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றினால் குதி தாழும், கால் பின்னோக்கிச் சரியும், மேட்டில் ஏறுவதுபோல் இருக்கும். வீட்டிலும் கோயிலிலும் வெறுங்காலோடு நிற்கிற மனிதருக்கு இது சின்ன விடயம் அல்ல. குதி உயரம் மாற்றக்கூடிய பாதம் உண்டா என்று முதலே கேளுங்கள்.

மணல், சேறு, கிணற்றடி. பழைய கணினி முழங்கால்கள் தண்ணீருக்குத் தாங்கா. புதியவை தாங்கும், ஆனால் இரவில் சார்ஜ் போட வேண்டும். பற்றரி தீர்ந்தால் முழங்கால் விறைப்பு நிலைக்குப் போகும், எப்படி நடப்பது என்று முன்பே பழக வேண்டும். பழுதானால் அனுப்ப எங்கே, அதுவரை மாற்றுக்கால் யார் தருவார் என்ற இரண்டுக்கும் விற்பவரிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஒரு நாளில் அப்பு எத்தனை தடவை வளவை விட்டு வெளியே போகிறார்? பத்தடி நடையென்றால் புதிய கிண்ணமும் நல்ல இயந்திர முழங்காலும் போதும். சந்தைக்கும் வயலுக்கும் போகிறவரென்றால் மகனின் யோசனை சரியானது. யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் காட்டி அபிப்பிராயம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: தானியங்கிக் குளிசைப் பெட்டி சில நாள் ஒரு மணி பிந்தி ஒலித்தது, சில நாள் ஒலிக்கவே இல்லை. அம்மம்மா சத்தத்துக்குப் பயப்படுகிறா. (அடம்பன்)

பதில்: ஒரு மணி பிந்தியது ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகைத் தொடக்கத்திலோ என்று பாருங்கள். பெட்டி பேரனின் கைபேசியோடு ரொறன்ரோ நேரத்தில் பதியப்பட்டிருந்தால், அங்கே கடிகாரத்தை ஒரு மணி பின்வைக்கும் நாளில் இங்கே குளிசை பிந்தும், பங்குனியில் முந்தும். நேர வலயத்தைக் கொழும்பு என்று மாற்றுங்கள். ஒலிக்காமலே விட்டது கரண்ட் போன நாளாக இருக்கும். உள்ளே காப்புப் பற்றரி போட்டிருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பலர் அதைப் போடுவதே இல்லை.

பெட்டிக்குள் சுழலும் வட்டில் வழமையாக 28 அறை. நாளுக்கு இரண்டு வேளை என்றால் 14 நாள், மூன்று வேளை என்றால் 9 நாளும் ஒரு வேளையும். கிளினிக்கில் மாதத்துக்குக் கடதாசி உறையில் தருவதை மொத்தமாகக் கொட்டி நிரப்பாதீர்கள். ஒருவர் போட, இன்னொருவர் கிளினிக் கொப்பியைப் பார்த்து வாசிக்க வேண்டும். வலிப்புக்கான வல்புரோயேற் ஈரத்தை உறிஞ்சும், தகட்டை விட்டு எடுக்கக் கூடாது. நெஞ்சு நோவுக்கு நாக்கின் கீழ் வைக்கும் குளிசை அதன் போத்தலிலேயே இருக்க வேண்டும். வார்பரின் போல இரத்தப் பரிசோதனைக்குப் பிறகு அளவு மாறுகிறவற்றையும் பெட்டியில் போடாதீர்கள். பாதியாக வெட்டிய குளிசை உதிர்ந்து வட்டை இறுக்கும். பெட்டியை அடுப்படியில் வைக்க வேண்டாம்.

சத்தம்: சைரன் போன்ற ஒலி வேண்டாம். ஷெல்லும் கிபிர் விமானமும் கண்ட தலைமுறை, அந்த ஓசைக்குப் படுத்துவிடும் உடம்பு. அவசரத்தில் எழும்பி விழுவதும் அப்படித்தான். பெட்டியில் மணியோசை இருந்தால் அதற்கு மாற்றுங்கள். குரல் பதியலாம் என்றால் பேரனின் குரலில் ‘அம்மம்மா, குளிசை’ என்று இரண்டு சொல் பதியுங்கள்.

கேள்வி: சில்லில் ஓடும் திரை ரோபோ ஒன்றை அனுப்பி, அம்மா எங்கே போனாலும் பின்னால் போய்ப் பார்க்கிறோம் என்கிறார்கள் வெளிநாட்டில் உள்ளவர்கள். அம்மாவுக்கு விருப்பமில்லை. (நெடுங்கேணி)

பதில்: அம்மாவுக்கு விருப்பமில்லை என்பதே பதில். அதற்கு மேல், அந்த வகைக் கருவிகள் வழுவழுத்த சமதரைக்குச் செய்தவை. அறைக்கு அறை நிலைப்படி இருக்கும் வீட்டில் முதல் படியிலேயே நிற்கும்.

பிள்ளைகளின் ஏக்கத்துக்கு ஒரு வழி: கட்டிலருகே வளையும் தாங்கியில் ஒரு டெப்லெட். அழைப்பு வந்தால் தானே திறக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள். உடுப்பு மாற்றும் நேரத்தில் ஆறு பேர் திரையில் வருவார்கள். வாரத்தில் இன்ன நாள், இலங்கை நேரம் இத்தனை மணி என்று அம்மாவே சொல்லட்டும். காது மந்தமென்றால் தனி ஒலிபெருக்கியைத் தலைமாட்டில் வையுங்கள்.

கமெரா வேண்டும் என்று அம்மா சம்மதித்தால் மட்டும் வாசலையும் முன் விறாந்தையையும் பார்க்க ஒன்று போதும். படுக்கைக்கும் குளிக்கும் இடத்துக்கும் வேண்டாம். பல கமெராக்கள் 2.4 கிகாஹேட்ஸ் வைபையில் மட்டும் ஓடும். றவுட்டரில் அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். நாள் முழுவதும் படம் அனுப்பினால், விநாடிக்கு ஒரு மெகாபிட் என்று கொண்டாலும் ஒரு நாளைக்குப் பத்து ஜீபீக்கு மேல் டேற்றா போகும். அசைவு வந்தால் மட்டும் அனுப்பும்படி வைத்து, மற்றதை உள்ளே போடும் அட்டையில் பதிய விடுங்கள். கூட வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் அதற்கு ஒரு சுவிட்ச் இருக்க வேண்டும், அணைத்தால் ஏன் அணைத்தீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது.